பனிச்சறுக்குக் கால்சட்டை: முதலில் தையலைப் பாருங்கள்

ஒன்டாரியோவின் புளூ மவுண்டன் போன்ற சறுக்குத் தளங்களில் கால்சட்டையைச் சோதிப்பது சரிவு மட்டுமல்ல, லிஃப்ட் நாற்காலியும்தான். ஈர இருக்கையில் அமர்ந்து காற்றில் மெல்ல மேலே போகும்போதுதான் குளிர் எலும்பைத் தொடும். அதனால் செயற்கைப் பஞ்சு அடைத்த கால்சட்டை இங்கே நல்ல தேர்வு.

விலை உயர்ந்த பெயர்களைத் தேடி ஓடாதீர்கள். உட்புற லேபிளில் நீர்புகாத் திறன் (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரம்) 10,000 மி.மீ. என்று இருந்தால் தளத்தில் சறுக்குபவருக்குப் போதும். 5,000 என்றால் ஈரப்பனி நாளில் பின்புறம் நனைந்துவிடலாம். பிறகு கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். இருக்கைப் பகுதியிலும் முழங்காலிலும் தையலின் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியே நீர் இறங்கிவிடும்.

பஞ்சின் அளவு சதுர மீட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வியர்க்கும். வியர்வை ஆறியதும் நடுக்கம் வரும். தொடையில் காற்றுவிடும் ஜிப் இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கலாம், தவறில்லை. கணுக்காலில் பனித்தடுப்பு உறை அவசியம். கால்சட்டைக்கு உள்ளே பருத்தி ஆடை அணியவே வேண்டாம்.

கடையில் குந்தி எழுந்து பாருங்கள், இடுப்பு கீழே இறங்கக் கூடாது. அவசரமில்லை என்றால் மார்ச், ஏப்ரல் வரை காத்திருங்கள். பருவம் முடியும்போது விலை நன்றாகவே இறங்கும்.