நாய்க்கு முடி வெட்டும் கிளிப்பர்: எதை வாங்குவது, பிளேடை எப்படிப் பார்த்துக்கொள்வது

எங்கள் வீட்டு ஷிட்சு பஞ்சுவுக்கு மூன்று வருடமாக நானேதான் முடி வெட்டுகிறேன். முதலில் என் தாடி டிரிம்மரை எடுத்தேன். இரண்டு இழுப்பில் முடி சிக்கி மோட்டார் திணறியது. பஞ்சு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் சாயங்காலம்தான் வந்தான். நாய் முடியின் அடர்த்திக்கு மோட்டாரும் வேறு, பிளேடின் பல் அமைப்பும் வேறு.

வாங்குமுன் ஒன்று. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் வளர்ப்பவர்கள் வெயிலுக்காக மொட்டை அடிக்காதீர்கள். அந்த இரண்டடுக்கு முடிதான் வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் சிலதுக்குத் திட்டுத் திட்டாகத்தான் திரும்ப வளரும். சிப்பிப்பாறை, ராஜபாளையத்துக்குக் கிளிப்பரே வேண்டாம், ரப்பர் பிரஷ் போதும்.

1. வாங்குவது

மோட்டாரை விட பிளேடைப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு மாட்டும் பிளேடு விலை குறைவு. 'ஏ5' என்ற கழற்றி மாட்டும் வகை விலை கூட. ஆனால் ஆண்டிஸ், ஆஸ்டர், வால் என எந்தக் கம்பெனி ஏ5 பிளேடும் பெரும்பாலும் மற்றதில் பொருந்தும். பிளேடின் நம்பர் ஏற ஏற முடி குட்டையாகும்: 4எஃப் 9.5 மி.மீ. விடும், 7எஃப் 3.2, 10 வெறும் 1.5. எஃப் போடாத 4, 5, 7 நம்பர்களில் ஒரு பல் நெட்டை, ஒரு பல் குட்டை. இடுக்கில் தோல் மாட்டும். புதியவர்கள் தொடவே வேண்டாம். வயிறு, பாதத்துக்கு 10, உடம்புக்கு 4எஃப், இந்த இரண்டும் போதும் என்பது என் கட்சி. ஒயர் இல்லாததையே வாங்குங்கள். நாய் சுற்றிச் சுற்றி வரும்.

2. வெட்டுவது

குளிப்பாட்டி, அடிவரை காயவைத்து, சீப்பு தடையில்லாமல் ஓடிய பிறகே கிளிப்பர். மண் இருந்தால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். முடி வளர்ந்த திசையிலேயே ஓட்டுங்கள். அக்குள், தொடை மடிப்பில் தோலை இழுத்துப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் உள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

3. பிளேடைத் திரும்ப மாட்டுவது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அப்போது என்னிடம் இருந்தது ஸ்க்ரூ வகை. சுத்தம் செய்யக் கழற்றினேன், மாட்டினேன், சத்தம் நன்றாகவே இருந்தது. வயிற்றில் வைத்ததும் பஞ்சு கத்தினான். மூன்று சிறு கீறல்.

இரண்டு தகடுகளில் தோலைத் தொடுவது அசையாத சீப்புத் தகடு. அதன்மேல் ஓடுவதுதான் வெட்டும் தகடு. இதன் பல் நுனி சீப்பின் நுனியை விட ஒரு மி.மீ. போலப் பின்னால் இருக்க வேண்டும். நான் மாட்டியதில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்க்ரூவையும் லேசாகப் பிடிக்கவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து நகர்த்துங்கள். பிறகு இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க முறுக்கினால் தகடு கோணிக்கொள்ளும். இப்போதெல்லாம் முதலில் என் முன்கையில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். கீறினால் என்னைக் கீறட்டும்.

4. எண்ணெய்

தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். மார்கழிக் காலையில் பல்லுக்குள்ளேயே உறைந்துபோனது. மிச்சம் பிசுக்காகி முடியைப் பிடித்துக்கொண்டது. கிளிப்பரோடு வரும் எண்ணெய் தீர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். பல்லின் மேல் மூன்று சொட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பத்து வினாடி ஓடவிட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள், நாய் உடம்பை நக்கும். ஒவ்வொரு முறையும், வெட்டும் முன்னும் பின்னும்.

பிற்சேர்க்கை: படித்த இரண்டு பேர், ஏ5 பிளேடின் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சேர்க்க முடியாமல் தவித்தார்களாம். அதைக் கழற்றவே வேண்டாம். வெட்டும் தகட்டை ஒரு பக்கமாகப் பாதி தள்ளி, பிரஷ்ஷால் தட்டி, மறுபக்கமும் அப்படியே செய்தால் போதும்.

இன்னொன்று: சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கத்தி வேறு, இது வேறு. தகட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிவு உண்டு, சாணைக்கல் அதைத் தின்றுவிடும். கிளிப்பர் பிளேடுக்கென்றே மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அதற்கு முன், முடியை இழுப்பது மழுங்கியதால்தானா என்று பாருங்கள். எனக்குப் பாதி நேரம் சார்ஜ் இறங்கியிருக்கும்.