சுவீடன் மன்னர் வரலாற்றை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது

சுவீடனின் இன்றைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். பெயரைக் கேட்டவுடன், அவருக்கு முன் பதினைந்து கார்ல்கள் அந்த நாட்டை ஆண்டிருப்பார்கள் என்றுதான் எவரும் எண்ணுவார். உண்மையில் அவர் பத்தாவது கார்ல். முதலாம் கார்ல் முதல் ஆறாம் கார்ல் வரை எவரும் ஆண்டதற்குச் சான்று இல்லை. உப்சாலாவின் பேராயராக இருந்து, சமயச் சீர்திருத்தக் காலத்தில் அயல்நாட்டில் வாழ நேர்ந்த யோஹான்னெஸ் மாக்னுஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1554இல் ரோமில் அச்சான வரலாற்று நூலொன்று, நோவாவின் பேரனிலிருந்து தொடங்கும் மன்னர் வரிசை ஒன்றைக் கற்பனையாகக் கோத்துத் தந்தது. 1560இல் பட்டமேறிய எரிக் அதை நம்பித் தம்மைப் பதினான்காம் எரிக் என எண்ணிக்கொண்டார். பின்னர் மன்னரான, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த அவருடைய தம்பி ஒன்பதாம் கார்ல் ஆனார். அந்த எண்கள் அப்படியே நிலைத்துவிட்டன.

ஆகவே சுவீடன் மன்னர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்யும் ஆசையைக் கைவிடுவதுதான். எண்ணைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் கொள்ளுங்கள். அதை வைத்து எதையும் கணக்கிடாதீர்கள். அடுத்து, ஒரு குறிப்பேட்டில் பெயர்களின் இரு வடிவங்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நூல்களில் சார்லஸ் என்று வருபவர் சுவீடிய நூல்களில் கார்ல். ஜான் என்பவர் யோஹான். குஸ்தாவஸ் அடால்பஸ் என்று பலரும் அறிந்தவர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப். இந்தச் சிறு முன்னேற்பாடு இல்லாததால், ஒரே மனிதரை இருவராகக் கருதிக் குழம்பியவர்கள் பலர்.

அதன் பின், ஒவ்வொரு மன்னரைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவரை மன்னராக்கியவர் யார், என்ன உறுதிமொழி பெற்றுக்கொண்டு ஆக்கினர், இவரை நீக்கும் வலிமை யாரிடம் இருந்தது? போர்களையும் திருமணங்களையும்விட இந்தக் கேள்விதான் சுவீடனின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது. 13ஆம் நூற்றாண்டில் எழுத்து வடிவம் பெற்ற வேஸ்டர்யோட்லாந்து மாகாணச் சட்டம், மன்னரை ஏற்கும் உரிமையும் விரட்டும் உரிமையும் உப்சாலாவைச் சூழ்ந்த பகுதியின் மக்களான சுவியர்களுக்கு உண்டு என்று வெளிப்படையாகவே கூறுகிறது. உப்சாலாவுக்கு அருகில் மோரா கற்கள் என்று வழங்கிய இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர், அதன் பிறகு மாகாணம் மாகாணமாகச் சுற்றி வந்து, அந்தந்த மக்களின் சட்டத்தைக் காப்பதாக உறுதியளித்து, அவர்களுடைய ஒப்புதலையும் பெற வேண்டும். அந்தப் பயணத்திற்கு எரிக்ஸ்காதா என்று பெயர். நீக்கும் உரிமையும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1275இல் வால்டெமார், 1318இல் பிர்யெர், 1364இல் மாக்னுஸ் எரிக்சன், 1389இல் ஆல்பிரெக்ட் என மன்னர்கள் அடுத்தடுத்து அரியணை இழந்தனர். கார்ல் க்னூட்சன் என்பவர் 1448க்கும் 1470க்கும் இடையில் மூன்று முறை மன்னரானார். அதாவது இரண்டு முறை விரட்டப்பட்டார்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு, பழங்காலத்திலிருந்து என்று விடை சொல்லத் தோன்றும். அப்படித் தொடங்கினால் புராணத்திற்கும் வரலாற்றுக்கும் நடுவில் பல வாரங்கள் அலைய நேரிடும். நான் பரிந்துரைக்கும் தொடக்கம் 1523 ஜூன் 6. அன்று ஸ்ட்ரெங்னேஸ் நகரில் குஸ்தாவ் வாசா மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுவீடன் இன்று தன் தேசிய நாளாகக் கொண்டாடுவதும் ஜூன் 6ஐத்தான். அங்கிருந்து 1718 வரை முன்னோக்கிப் படியுங்கள். பிறகு இடைக்காலத்திற்குத் திரும்புங்கள். கடைசியாக 1719 முதல் இன்று வரை வாருங்கள்.

குஸ்தாவ் வாசாவின் காலத்திற்கு மற்றெந்த மன்னருக்கும் தருவதைவிட அதிக நேரம் தர வேண்டும். 1397இல் கால்மர் நகரில் உருவான ஒன்றியத்தின்படி டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்றுக்கும் ஒரே மன்னர் என்ற ஏற்பாடு இருந்தது. அதை வலிமையால் நிலைநாட்ட முயன்ற டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியான், 1520 நவம்பரில் ஸ்டாக்ஹோமின் பெருஞ்சதுக்கத்தில் ஏறத்தாழ 80 முதல் 100 பேர் வரை கொல்லச் செய்தார். அவர்களுள் குஸ்தாவின் தந்தையும் ஒருவர். தாலார்னா மாகாணத்தில் தொடங்கிய எழுச்சிக்குத் தலைமை ஏற்ற குஸ்தாவ், லூபெக் நகர வணிகர்களிடம் கடனாகப் பெற்ற கப்பல்களையும் படையையும் கொண்டு வென்றார். இந்தக் கடனைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி அதிலிருந்தே கிளைக்கிறது. கடனை அடைக்கப் பணம் வேண்டும். பணம் திருச்சபையிடம் இருந்தது. 1527இல் வேஸ்டரோஸ் நகரில் கூடிய மன்றம், அதாவது நாட்டின் பல பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் அவை, திருச்சபையின் மிகைச் சொத்துகள் மன்னரைச் சேரும் என முடிவு செய்தது. சுவீடன் லூத்தரன் நாடாக மாறிய பாதையில் சமயக் கொள்கைக்கு இணையாகக் கருவூலமும் நின்றது. வரிச்சுமையும் கோவில் மணிகளைப் பறித்ததும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. 1542இல் ஸ்மோலாந்தில் நீல்ஸ் டாக்கே என்ற உழவரின் தலைமையில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதை அடக்கிய மறு ஆண்டே, 1544இல், அரசுரிமை இனி வாசா குடும்பத்தின் ஆண் வாரிசுகளுக்கு உரியது என்று மன்றத்தைக் கொண்டே குஸ்தாவ் சட்டமியற்றச் செய்தார். தேர்தலால் வந்தவர் தேர்தலை முடித்துவைத்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குஸ்தாவ் தாலார்னாவில் தலைமறைவாகத் திரிந்தது பற்றிய வீரக்கதைகளுக்கு முதன்மையான மூலம், அவர் ஆட்சியிலேயே அவருக்குச் சார்பாக எழுதப்பட்ட வரலாறு. 1922 முதல் தாலார்னாவில் உள்ள சேலனிலிருந்து மோரா வரை 90 கிலோமீட்டர் தொலைவுக்கு நடத்தப்படும் பனிச்சறுக்குப் பந்தயம் அந்தக் கதைகளின் நினைவாகவே நடக்கிறது. கதையை ரசிக்கலாம், ஆனால் அதைச் சான்றாகக் கொள்வதற்கு முன், சொன்னவர் யாருடைய ஊதியத்தில் வாழ்ந்தார் என்று கேட்டாக வேண்டும்.

இதே காலத்தில் வரைபடத்தையும் கையில் எடுங்கள். இன்றைய சுவீடனின் எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி நிகழ்வுகள் புரியாது. ஸ்டாக்ஹோம் இன்று நாட்டின் கிழக்கு விளிம்பில் இருப்பதுபோல் தெரிகிறது. பின்லாந்து இடைக்காலம் தொட்டு 1809 வரை அதே அரசின் பகுதியாக இருந்ததை வரைபடத்தில் வண்ணமிட்டுப் பாருங்கள், அந்த நகரம் நடுவில் வந்து அமரும். அன்று கடல் இரு கரைகளையும் இணைத்த பாதையாக இருந்தது. தெற்கே உள்ள ஸ்கோனே, பிளெக்கிங்கே மாகாணங்கள் 1658இல் பத்தாம் கார்ல் குஸ்தாவ் உறைந்த கடல்மீது படை நடத்திச் சென்று ரோஸ்கில்டே உடன்படிக்கையின் மூலம் பெற்றவை. அதற்கு முன் அவை டென்மார்க்குக்கு உரியவை. 1560, 1658, 1721, 1815 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கு நான்கு வரைபடங்கள் வரைந்துகொண்டால் போதும். மூன்றாவது படத்தில் பால்டிக் கடலின் கிழக்குக் கரை பெரும்பாலும் ரஷ்யாவிடம் போயிருக்கும். நான்காவதில் பின்லாந்து இருக்காது. அதற்கு மாறாக நார்வே, 1905 வரை நீடித்த ஒன்றியத்தில், அதே மன்னரின் கீழ் வந்திருக்கும்.

17ஆம் நூற்றாண்டை வெற்றிகளின் காலமாகவே பெரும்பாலோர் படிக்கின்றனர். இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1632இல் ஜெர்மனியின் லூட்சன் போர்க்களத்தில் விழுந்தார் என்பது யாருக்கும் தெரியும்; 1611இல் அவர் பட்டமேறியபோது, உயர்குடியினரின் அரசவையையும் மன்றத்தையும் கலந்தே ஆள்வேன் என்று எழுத்தில் உறுதியளிக்க நேர்ந்தது என்பதைச் சிலரே கவனிக்கின்றனர். அவர் இறந்தபோது மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயது நிரம்பவில்லை. பெண்ணுக்கும் அரசுரிமை உண்டு என 1604இல் சட்டம் திருத்தப்பட்டிருந்ததால்தான் அவர் அரசியானார். உரிய வயது வரும்வரை வேந்தவை முதல்வர் ஆக்செல் ஊக்ஸன்ஷேர்னாவும் அவருடைய சகாக்களும் ஆண்டனர். மன்னர் இல்லாமலும் அரசு நடக்கும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. பதினோராம் கார்ல் அதைத் தலைகீழாக்கினார். 1680இல் உயர்குடியினர் கைக்குச் சென்றிருந்த அரச நிலங்களைத் திரும்பப் பறித்து, அவற்றின் வருவாயைக் கொண்டு படையை நிறுத்தினார். 1693இல் மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று மன்றமே அறிவித்தது. அந்த வரம்பற்ற அதிகாரத்தைத் தம் பதினைந்தாம் வயதில் கையேற்ற பன்னிரண்டாம் கார்ல், 1700இல் நார்வாவில் ரஷ்யரை வென்று, 1709இல் பொல்தாவாவில் அதே ரஷ்யரிடம் படையை இழந்து, 1718இல் நார்வேயின் பிரெட்ரிக்ஸ்டென் கோட்டைக்கு வெளியே பதுங்குகுழியில் சுடப்பட்டு இறந்தார்.

அடுத்து நிகழ்ந்ததுதான் என்னை மிகவும் கவர்வது. அவருடைய தங்கை உல்ரிகா எலியோனோராவை அரியணையில் ஏற்ற மன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வரம்பற்ற அதிகாரத்தைத் துறந்தால்தான் என்றது. அவர் துறந்தார், 1720இல் அரியணையையே கணவர் பிரெட்ரிக்குக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பின் 1772 வரையுள்ள காலத்தைச் சுவீடியர்கள் சுதந்திரக் காலம் என்கின்றனர். தொப்பிகள், குல்லாய்கள் என்ற பெயருடைய இரு கட்சிகள் மன்றத்தில் மோதின. மன்னர் அடால்ஃப் பிரெட்ரிக் கையொப்பமிட மறுத்தால் பயன்படுத்துவதற்காக, அவருடைய கையெழுத்தைக் கொண்ட முத்திரை ஒன்றை 1756இல் அரசவை செய்து வைத்துக்கொண்டது! தமிழகக் கரைக்கும் இக்காலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1731இல் பிரெட்ரிக் மன்னர் வழங்கிய உரிமப் பட்டயத்தால் தோன்றிய சுவீடியக் கிழக்கிந்திய நிறுவனம், உல்ரிகா எலியோனோரா அரசியின் பெயரையே தாங்கிய கப்பலை அனுப்பி 1733இல் பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை அமைத்தது. சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் படை அனுப்பி அதே ஆண்டில் அதைப் பறித்தனர்.

1772இல் மூன்றாம் குஸ்தாவ் இரத்தம் சிந்தாமல் அதிகாரத்தை மீட்டார். 1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் ஓபரா அரங்கின் முகமூடி விருந்தில், உயர்குடியினரின் சதியால் சுடப்பட்டு, மார்ச் 29 அன்று இறந்தார். அவர் மகன் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப், ரஷ்யாவுடனான பின்லாந்துப் போர் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தபோது, 1809 மார்ச்சில் படை அதிகாரிகளால் கைது செய்யப்பட்டு நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 6 அன்று புதிய அரசியலமைப்பு வந்தது. பட்டமேறிய பதின்மூன்றாம் கார்லுக்கு வாரிசு இல்லாததால், 1810இல் ஓரெப்ரூ நகரில் கூடிய மன்றம், நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவரான ஜான் பாப்டிஸ்ட் பெர்னடோட்டை வாரிசாகத் தேர்ந்தெடுத்தது. இன்றைய அரச குடும்பம் அவர் வழி வந்தது. அவருக்குப் பின் வந்த மன்னர்களை விரைவாகப் படித்தால் போதும். 1917இல் அமைச்சரவை மன்றத்துக்கே கட்டுப்பட்டது என்ற நெறி நிலைபெற்றதையும், 1975இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு மன்னரிடம் எஞ்சியிருந்த அரசியல் அதிகாரத்தையும் எடுத்துவிட்டதையும், 1980இல் மூத்த பிள்ளைக்கே அரசுரிமை என்ற விதியால் தம்பியை முந்தி இன்றைய மன்னரின் மகள் விக்டோரியா பட்டத்து இளவரசியானதையும் மட்டும் தவறவிடாதீர்கள்.

இடைக்காலத்திற்குள் நுழையும்போது சான்றுகள் மெலிந்து போவதை உணர்வீர்கள். சீக்டூனாவில் நாணயம் அச்சிட்ட உலோஃப் ஸ்கோட்கோனுங், சுவியர், யோட்டர் ஆகிய இரு மக்களையும் ஆண்டதாக அறியப்படும் முதல் மன்னர். அவர் காலம் கி.பி. 1000ஐ ஒட்டியது. அவர் காலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான கதைகளோ 200 ஆண்டுகளுக்குப் பின் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம்பக் கூடாது என்பதை லௌரிட்ஸ் வெய்புல் என்ற வரலாற்றாசிரியர் 1911இல் கடுமையாக வாதிட்டு நிறுவினார். நிகழ்வுக்கு நெருக்கமான சான்று எது, அதைப் பார்த்து எழுதியது எது என்று பிரித்தறியும் அவர் முறையையே நீங்களும் பின்பற்றலாம். இன்னொரு இழப்பும் உண்டு: 1697 மே 7 அன்று ஸ்டாக்ஹோமின் மூன்று மகுடக் கோட்டை எரிந்தபோது அரச ஆவணங்களிலும் நூலகத்திலும் பெரும்பகுதி சாம்பலாயின.

தேதிகளைக் குறிக்கும்போது எந்த நாள்காட்டி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொல்தாவா போர் பழைய ஜூலியன் கணக்கில் 1709 ஜூன் 27, இன்றைய கணக்கில் ஜூலை 8, அன்றைய சுவீடியக் கணக்கில் ஜூன் 28. 1700இல் பிப்ரவரி 29 என்ற மிகுநாளை விட்டுவிட்டுப் படிப்படியாக மாறத் தொடங்கிய சுவீடன், நடுவில் அதைக் கைவிட்டு, 1712இல் பிப்ரவரி 30 என்றொரு நாளைச் சேர்த்துப் பழைய கணக்குக்குத் திரும்பியது. 1753இல்தான் பிப்ரவரி 17க்கு அடுத்த நாளை மார்ச் 1 ஆக்கி முழுமையாக மாறியது. இரு நூல்கள் இரு தேதிகளைச் சொன்னால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஸ்டாக்ஹோம் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு இடங்களுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அரண்மனையின் நிலவறையில் உள்ள அரச படைக்கலக் காட்சியகத்தில், லூட்சனில் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் அணிந்திருந்த தோல் மேலங்கியும், குண்டு துளைத்த மூன்றாம் குஸ்தாவின் முகமூடி விருந்து உடையும் உள்ளன. அங்கிருந்து நடந்தே ரிட்டர்ஹோல்மன் தேவாலயத்திற்குச் செல்லலாம். இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபிலிருந்து 1950இல் மறைந்த ஐந்தாம் குஸ்தாவ் வரை மன்னர்கள் அங்கே துயில்கின்றனர். 1654இல் முடி துறந்து கத்தோலிக்கரான கிறிஸ்டினாவை மட்டும் அங்கே தேடாதீர்கள். அவர் ரோமில், புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு 1837இல் சுவிட்சர்லாந்தில் இறந்த நான்காம் குஸ்தாவ் அடால்ஃபுக்கோ, 1884இல் அங்கே இடம் கிடைத்தது.