பெட் ஸ்கேன் ஆய்வகத்துக்கு வரும் வேதியியலாளர் முதல் வருடத்தில் பழக வேண்டியவை

கரிம வேதியியல் படித்துவிட்டு பெட் ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஆய்வகத்துக்கு வருபவர் முதலில் மாற்ற வேண்டியது நேரப் பழக்கத்தை. ராத்திரி முழுக்க வினையை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது இங்கே நடக்காது. கதிரியக்க ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) 110 நிமிடம், காலியம்-68க்கு 68, கார்பன்-11க்கு வெறும் 20.

அதனால் சிதைவைக் கணக்கில் சேர்த்தும் சேர்க்காமலும், விளைச்சலை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். 100 மில்லிகியூரி (கதிரியக்க அளவின் அலகு) ஃப்ளோரின்-18இல் தொடங்கி, 60 நிமிடத்தில் 40 மில்லிகியூரி மருந்து கிடைத்தது என்று வையுங்கள். எதுவுமே செய்யாமல் இருந்தாலும் அந்த 100, சிதைந்து 68.5 ஆகியிருக்கும். 40ஐ 68.5ஆல் வகுத்தால் 58 சதவீதம். வினை ஒழுங்காக நடந்ததா என்பதை இந்த 58 சொல்லும். எத்தனை பேருக்கு ஊசி போடலாம் என்பதை 40 சொல்லும். எந்தக் கணக்கு என்று குறிக்காத எண்ணால் பயனில்லை.

எஃப்டிஜி (ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரை மருந்து) தயாரிப்பில் பெரிய எதிரி ஈரம். சைக்ளோட்ரானிலிருந்து (ஃப்ளோரின்-18ஐ உண்டாக்கும் துகள் முடுக்கி) ஃப்ளோரைடு நீரில்தான் வருகிறது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும்வரை அது மேனோஸ் ட்ரைஃப்ளேட்டோடு (எஃப்டிஜியாக மாறும் முன்பொருள்) சரியாக வினைபுரியாது. ஃப்ளோரைடைக் கியூஎம்ஏ கார்ட்ரிட்ஜில் (அயனியைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) பிடித்து, பொட்டாசியம் கார்பனேட், கிரிப்டோஃபிக்ஸ் (பொட்டாசியத்தைச் சூழ்ந்து ஃப்ளோரைடை வினைக்கு விடுவிக்கும் சேர்மம்) கலவையால் இறக்கி, அசிட்டோநைட்ரைல் விட்டு நைட்ரஜன் ஓட்டத்தில் இரண்டு மூன்று தடவை உலர்த்த வேண்டும். அசிட்டோநைட்ரைல் ஆவியாகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். 1986இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் ஹமாஹர் குழு வகுத்த வழி இது. விளைச்சல் திடீரென விழுந்தால், அசிட்டோநைட்ரைல் பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று பாருங்கள். அடுத்து நைட்ரஜன் ஓட்டத்தையும் வெற்றிடப் பம்பையும்.

காலியம்-68இல் தொல்லை வேறு மாதிரி. காலியம்-68ஐத் தரும் ஜெனரேட்டரை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கறந்து (கழுவி எடுத்து), சோடியம் அசிட்டேட்டால் பிஎச்சை 4க்கு அருகே கொண்டுவந்து, டோட்டா (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கூண்டு மூலக்கூறு) இணைந்த பெப்டைடோடு 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவது வழக்கம். பிஎச் ரொம்பக் குறைந்தால் காலியம் டோட்டாவில் மெதுவாகத்தான் உட்காரும். ஏறிவிட்டால் ஹைட்ராக்சைடு கூழ்மமாகும். அது உடம்புக்குள் போனால் கல்லீரலில் தேங்கிப் படத்தைக் கெடுக்கும். அமிலம் படும் இடத்தில் உலோக ஸ்பாட்டுலாவோ எஃகு ஊசியோ வேண்டாம்: கசியும் இரும்பு காலியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நாள் கறக்காமல் கிடந்த ஜெனரேட்டரில் காலியம் சிதைந்து துத்தநாகம் சேர்ந்திருக்கும், ஆகவே முதல் கறவையைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கை பழகும்வரை கதிரியக்கம் இல்லாத பொருளை வைத்து ஒத்திகை பாருங்கள், வால்வு வரிசையும் இடுக்கியும் வசமாகும். ஆனால் அந்த விளைச்சலை நம்ப வேண்டாம். உண்மையான ஓட்டத்தில் ஃப்ளோரின்-18 மிக மிகச் சொற்பம், முன்பொருள் அதைவிடப் பல மடங்கு, விகிதமே வேறு. டிஎல்டி பேட்ஜை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது) நெஞ்சிலும், விரல் மோதிரத்தை உணரும் பக்கம் உள்ளங்கையை நோக்கியும் அணியுங்கள். இந்தியாவில் பணியாளருக்குக் கதிர்வீச்சு வரம்பு ஐந்தாண்டு சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்.

தரச் சோதனையைச் சில்லறை வேலையாக நினைக்காதீர்கள். பிஎச், கதிர்வேதியியல் தூய்மை, கிரிப்டோஃபிக்ஸ் மிச்சம், எண்டோடாக்சின் (பாக்டீரிய நச்சு) எல்லாம் ஊசிக்கு முன்பே தெரிய வேண்டும். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மட்டும் 14 நாள் ஆகும். அதற்குள் மருந்து நோயாளியின் உடம்பில் ஏறி, சிதைந்தும் போயிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தொகுதியிலும் 0.22 மைக்ரான் வடிகட்டியைக் குமிழ் அழுத்தச் சோதனைக்கு (வடிகட்டி பழுதில்லை என்று உறுதிசெய்வது) உட்படுத்திய பிறகே மருந்தை வெளியே அனுப்புகிறார்கள்.