ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்நாள் இல்லம் அமைக்க

குழந்தைகள் இல்லத்தின் உரிமம் 18 வயதுவரைதான். இளைஞர் நீதிச் சட்டத்தின் பின்பராமரிப்பு (இல்லத்தைவிட்டு வந்தபின் தரும் உதவி) 21 வரை போகும், விதிவிலக்காக 23 வரை. மகாராஷ்டிராவின் வஜ்ஜர் கிராமத்தில் இல்லம் நடத்தும் சங்கர் பாபா பாபல்கர் (2024இல் பத்மஸ்ரீ பெற்றவர்), ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளை 18இல் வெளியேற்றாத சட்டம் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார். அது வரும்வரை, இருக்கிற சட்டங்களை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கட்டடத்துக்கு முன் காகிதம். பிள்ளைக்கு 16 ஆகும்போதே ஆதார், தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் முடித்துவிடுங்கள். பெற்றோர் தெரியாத பிள்ளைக்கு இனிஷியல் ஓர் ஆவணத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தால் உதவித்தொகை அங்கேயே நிற்கும். மூளை முடக்குவாதத்தால் விரல் மடங்கியவர்களுக்குக் கைரேகை விழாது. கைரேகை விலக்குடன் ஆதாரில் பதியும்படி நீங்களாகவே கேட்க வேண்டும்.

18 நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர். அவருக்காகக் கையெழுத்திட யாருக்கும் உரிமையில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். பாதுகாவலர் நியமனத்தை நிறுவனர் பெயரில் வாங்காதீர்கள், அவர் காலமானால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அந்தச் சட்டத்தில் பதிந்த உங்கள் அமைப்பின் பெயரில் கேளுங்கள். நியமனமான 6 மாதத்துக்குள் பராமரிக்கப்படுபவரின் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கையும் குழுவிடம் தர வேண்டும். பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ளவருக்குப் பாதுகாவலர் வேண்டாம். தங்குவதா, வெளியே போவதா என்பது அவர் முடிவு.

இல்லத்துக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் கீழ் தனிப்பதிவு வேண்டும். சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே கூரையின்கீழ் கூடாது.

பெரும்பாலான இல்லங்கள் தடுமாறுவது ஆள் கணக்கில். இரவும் பகலும் ஒரே ஒருவர் பணியில் இருக்க, 8 மணி நேரக் கணக்கில் வாரத்துக்கு 21 ஷிப்டு. ஒருவர் 6 பார்ப்பார். ஆகவே 3.5 பேர், விடுப்பையும் சேர்த்தால் 4. இதை மறந்தவர்கள் இரவுப் பணியாளரைத் தூங்க விடுகிறார்கள். வலிப்பு வந்ததும் தெரியாது, அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும் ஆளிருக்காது, முதுகில் புண் வந்துவிடும்.

சாய்தளம் 1:12. அதாவது 30 செ.மீ. உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளம். கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பதுண்டு.

எல்லாப் படுக்கையும் தரைத்தளத்தில் இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதுமை சீக்கிரம் வரும், 40க்குமேல் மறதிநோயும் எட்டிப்பார்க்கும். தைராய்டு சோதனை ஆண்டுதோறும் வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஆள் மந்தமாவார், மறதி என்றே நினைத்துவிடுவோம்.