மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர்: கடைக்கும் பட்டறைக்கும்

கரண்ட் இல்லாத நேரத்தில் எவையெல்லாம் கட்டாயம் ஓடியாக வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் வாட் அளவும் அதன் பெயர்த்தகட்டில் இருக்கும். கிலோவாட்டைக் கூட்டி 0.8-ஆல் வகுத்தால் கேவிஏ, அதாவது ஜெனரேட்டரின் அளவு, வரும்: 12 கிலோவாட்டுக்கு 15 கேவிஏ.

கணக்கு தப்புவது மோட்டாரில்தான். 5 ஹெச்பி மும்முனை மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் ஓரிரு நொடி மட்டும் அதுபோல் ஆறு மடங்கு. அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கி, விளக்கு மங்கி, ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இந்த இழுப்பை மூன்றில் ஒரு பங்காக்கும். ஆனால் சுழற்றும் விசையும் அதே அளவு குறையும். காற்று நிரம்பிய கம்ப்ரஸரை அது கிளப்பாது, காற்றை இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும். வரிசை முக்கியம்: பெரிய மோட்டார் முதலில், அடுத்து சிறியவை, கம்ப்யூட்டர் கடைசியில்.

அதற்காகத் தேவைக்கு இரு மடங்கு பெரிய மெஷின் வாங்கிவிடாதீர்கள். 30 சதவீதத்துக்கும் குறைந்த லோடில் நாள்கணக்கில் ஓடினால் இன்ஜின் போதிய சூடேறாது, டீசல் முழுதாக எரியாது. சைலன்சர் மூட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகுவது அதன் அடையாளம். 60 முதல் 75 சதவீத லோடு இன்ஜினுக்கு நல்லது.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது வெளி லைன் அல்லது ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சுவிட்ச், இல்லாமல் ஒருபோதும் இணைக்கக் கூடாது. ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயரழுத்தமாகி, லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கைவைப்பவரைக் கொல்லும். மும்முனைக்கு நான்கு கம்பியையும் பிரிக்கும் ‘ஃபோர் போல்’ சுவிட்ச் போடுங்கள்; மூன்று பேஸோடு நியூட்ரலும் பிரிய வேண்டும். இணைத்ததும் ஒரு மோட்டாரைப் போட்டு, சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் ஜெனரேட்டர் பக்கம் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கட்டுங்கள்.

புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் திறக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

10 கிலோவாட் லோடுக்கு மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் பிடிக்கும். டேங்கைக் காலியாக விடாதீர்கள். லைனில் காற்று புகுந்தால் டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிவான டீசல் வரும்போது ஸ்க்ரூவை மறுபடி இறுக்குங்கள்.

நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு 3 முதல் 5 நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஆயில் மாற்றக் கையேட்டில் உள்ள மணிக்கணக்கைப் பின்பற்றுங்கள். பெரும்பாலும் 250 மணி.

தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். வாரம் ஒருமுறை லோடு போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.