அயனிக்கற்றையில் வேகமாகவும் துல்லியமாகவும் செதுக்குவது எப்படி

குவித்த அயனிகளால் மாதிரியின் பரப்பிலிருந்து அணுக்களைப் பெயர்த்துச் செதுக்கும் அயனிக்கற்றைக் கருவியில் நேரம் பெரும்பாலும் வீணாவது, பொருந்தாத மின்னோட்டத்தில் செதுக்கிக் கெடுத்துவிட்டு அதே வேலையை மறுபடி செய்வதில்தான். அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். 30 கிலோவோல்ட் கேலியம் கற்றை செங்குத்தாக விழும்போது, சிலிக்கானில் 1 நானோகூலும் மின்னூட்டத்துக்குச் சுமார் 0.27 கன மைக்ரோமீட்டர் பொருள் நீங்கும். 5 × 5 மைக்ரோமீட்டர் பரப்பு, 2 மைக்ரோமீட்டர் ஆழம் கொண்ட குழிக்கு ஏறத்தாழ 185 நானோகூலும் வேண்டும். 10 நானோஆம்பியரில் 19 விநாடி. 1 நானோஆம்பியரில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். 50 பிக்கோஆம்பியரில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

எனவே வேலையைப் பிரியுங்கள். பெரிய மின்னோட்டத்தில் கற்றை தடிப்பதோடு அதன் ஓரமும் பரவும். அந்தப் பரவல் விளிம்பை மழுக்கிவிடும். இறுதி விளிம்புக்கு அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர் முன்பே பெரிய மின்னோட்டத்தை நிறுத்தி, சில நூறு பிக்கோஆம்பியரில் நெருங்கி, 10 முதல் 50 பிக்கோஆம்பியரில் முடியுங்கள். மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் துளையான அபெர்ச்சர் மாறும்போதெல்லாம் கற்றை விழும் இடம் சற்று நகரும். பயன்படுத்தப்போகும் எல்லா மின்னோட்டங்களையும் ஒரே அடையாளத்தின் மேல் முன்கூட்டியே சீரமைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸைத் திரையில் தெரியும் படத்தை மட்டும் நம்பி முடிவுசெய்யாதீர்கள். மாதிரியின் வேண்டாத மூலையில் கற்றையை ஒரே இடத்தில் சில விநாடி நிறுத்திப் புள்ளி போடுங்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போட்ட புள்ளிகள் ஒரு பக்கம் நெடுக்காகவும் மறுபக்கம் குறுக்காகவும் இழுபட்டிருந்தால், கற்றையை வட்டமாக்கும் ஸ்டிக்மேட்டரைத் திருத்த வேண்டும். எல்லாம் வட்டமாக வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஆழமான குழியில் பெரிய தொல்லை, பெயர்ந்த அணுக்கள் பக்கச்சுவரிலேயே திரும்பப் படிவது. ஒரே கடவில், அதாவது கற்றை பரப்பை ஒரே முறை கடக்கும்போதே, ஆழமாக வெட்டினால், முன்பே வெட்டி முடித்த பகுதி மறுபடி நிரம்பி அடித்தளம் சரிந்துபோகும். 1 மைக்ரோவிநாடி டுவெல் டைம் (கற்றை ஒரு புள்ளியில் நிற்கும் நேரம்), 50 சதவீத ஓவர்லாப் (அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) வைத்துப் பல கடவுகளாகச் செதுக்குங்கள். கடைசி மெருகுக்கு மட்டும் இதற்கு நேர்மாறாக, வரி வரியாக இறுதி முகத்தை நோக்கி நகருங்கள். படிவு அப்போது நமக்குத் தேவையில்லாத பக்கத்தில் போய்ச் சேரும்.

மாதிரியைத் தாங்கும் ஸ்டேஜை நகர்த்திய உடனே நுண்வேலை வேண்டாம். பத்து நிமிடம் அடங்கட்டும். நீண்ட வேலையென்றால் அருகில் ஒரு சிலுவைக்குறி செதுக்கி, அதை வைத்து டிரிஃப்டை, அதாவது மெல்ல ஏற்படும் இடநகர்வைத் திருத்துங்கள். மின்கடத்தா மாதிரியில் மின்னூட்டம் தேங்கிக் கற்றையைத் தள்ளும். மெல்லிய கார்பன் பூச்சு அதைத் தணிக்கும்.

அயனிக்கற்றையால் படம் பார்ப்பதும் செதுக்குவதுதான். இலக்கை எலக்ட்ரான் கற்றையால் தேடுங்கள். இலக்கின் மேற்பரப்பைக் காக்கப் படியவிடும் பிளாட்டினத்தின் முதல் அடுக்கையும் எலக்ட்ரான் கற்றையாலேயே படியவிட்டு, அதன் மேல் அயனிக்கற்றையால் தடிமனாக்குங்கள். 30 கிலோவோல்ட்டில் சிலிக்கான் சுவரில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் படிக ஒழுங்கு குலைந்திருக்கும். 5, பிறகு 2 கிலோவோல்ட்டில் துடைத்தால் அது சில நானோமீட்டராகக் குறையும்.

10 நானோமீட்டருக்கும் சிறிய வடிவத்துக்கு ஹீலியம் கற்றை ஏற்றது. ஆனால் அது மிக மெதுவாகவே செதுக்கும். தடித்த சிலிக்கானில் ஹீலியத்தின் அளவு மீறினால் உள்ளே குமிழ் கட்டிப் பரப்பு உப்பிவிடும். பெரிய அளவிலான செதுக்கலைக் கேலியத்தில் முடித்து, மெல்லிய படலமாக்கிய பின் ஹீலியத்துக்குக் கொண்டுபோங்கள்.