கடலின் நேரத்தைப் படிக்கப் பழகுங்கள்: கடலோரக் கிராமத்தில் சில வாரங்கள் தங்குவோருக்கு

கடலோரக் கிராமம் ஒன்றில் சில வாரங்கள் தங்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், அலை ஏறி வந்து திரும்பும் விளிம்பில் அதை ஊன்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதும் அறையை ஒழுங்குபடுத்துவதும் அதன் பிறகு நடக்கட்டும். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், குச்சி தண்ணீருக்குள் நிற்கிறதா, வெறும் மணலில் நிற்கிறதா என்பதைக் கொண்டே கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று தெரிந்துவிடும். எப்போது நடக்கப் போவது, எப்போது குளிப்பது, பாறைகளுக்கு நடுவே எப்போது இறங்கிப் பார்ப்பது என்று அந்த ஊரில் நீங்கள் செய்யப் போகும் பெரும்பாலான காரியங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது இந்த ஒரு விடைதான். கடலோரம் அலுத்துவிட்டது என்று இரண்டாம் வாரமே மூட்டை கட்டியவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கரைக்குப் போனவர்கள்.

ஓதம் என்று தமிழ் சொல்லும் இந்த ஏற்றமும் வற்றமும் நிலவின் ஈர்ப்பாலும், அதற்கு அடுத்தபடியாகச் சூரியனின் ஈர்ப்பாலும் உண்டாகின்றன. உலகின் பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அப்படியானால் இன்று காலை 6 மணிக்கு உச்சிக்கு வந்த கடல், மாலை 6.25 அளவில் மீண்டும் உச்சிக்கு வந்து, நாளைக் காலை 6.50 அளவில்தான் அடுத்த காலை ஏற்றத்தைத் தொடும். நாளொன்றுக்கு 50 நிமிடம் என்ற இந்த நகர்வு பிடிபட்டுவிட்டால், ஒரு நாள் பார்த்ததை வைத்துக்கொண்டே ஒரு வாரத்துக்குத் திட்டமிடலாம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில், சூரியனும் நிலவும் பூமியும் ஒரு கோட்டில் அமைவதால், கடல் வழக்கத்தைவிட மேலே ஏறி, வழக்கத்தைவிடக் கீழே வற்றும். அரைநிலவு நாள்களில் இந்த வேறுபாடு குறைந்திருக்கும். எனவே வெகுதூரம் வற்றிய கரையில் நடக்கவும், மற்ற நாள்களில் நீருக்கடியில் மறைந்திருக்கும் பாறைகளைக் காணவும் விரும்புகிறவர்கள் நாள்காட்டியில் முதலில் இந்த இரண்டு நாள்களைத் தேடிப் பார்த்துத் தங்கும் தேதிகளை முடிவு செய்வது நல்லது.

எந்தக் கடலுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 16 மீட்டர் வரை போகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அது சில பத்து சென்டிமீட்டர்தான். மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான் வருகிறது. அதனால்தான் குச்சியை ஊன்றச் சொல்கிறேன். அச்சிட்ட ஓத அட்டவணை கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கரையில் எந்தப் பாறை எப்போது மூழ்கும், எந்த மணல்திட்டு எப்போது துண்டாகும் என்பதை அட்டவணை சொல்லாது.

ஏறும் கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது உயிர்காக்கும் அறிவு. மாலுமிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: கடல் ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், ஐந்தாவதில் இரண்டும், ஆறாவதில் ஒன்றும் ஏறும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே பாதிக் கடல் வந்து சேர்ந்துவிடுகிறது. இதை நான் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் கற்றுக்கொண்டேன். கரையிலிருந்து சற்று விலகி நின்ற ஒரு பாறைக்கு முழங்காலளவு நீரில் கூட நனையாமல் நடந்து போய், அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, நான் நடந்து வந்த மணல் முழுவதும் இடுப்பளவு நீராக ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடக்கக் கரையேறினேன். அன்று முதல் பாறைக்குப் போவதென்றால், கடல் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போதே போய், அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுவதை விதியாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஏற்றத்துக்கு அடுத்தது காற்று. வானம் தெளிவாக இருக்கும் நாள்களில், வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. தரைமேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவில் தரை விரைந்து குளிர்வதால் காற்று திசை மாறி, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். இரண்டுக்கும் இடையே, விடியலிலும் மாலையிலும், காற்றே இல்லாத ஒரு சிறு பொழுது உண்டு. கடல் கண்ணாடிபோல் கிடக்கும் அந்த விடியற்காலைக்காக எழுந்து கரைக்குப் போகாதவர் கடலோரத்தில் தங்கியும் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். மதியத் தூக்கத்துக்குக் கடலைப் பார்த்த சன்னலைத் திறந்து வையுங்கள். படிக்கவும் எழுதவும் காகிதம் பறக்காத காலை நேரத்தை ஒதுக்குங்கள்.

அதே காற்று உப்பையும் சுமந்து வருகிறது. பூட்டு, கத்தரி, மிதிவண்டிச் சங்கிலி ஆகியவற்றுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் இடுங்கள். கடலில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் அது முழுதாக உலரவே உலராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதெல்லாம் நூலிழையில் தங்கிய உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

நடப்பதற்கு, அலை சற்றுமுன் விட்டுப்போன ஈரமணலே ஏற்றது. உலர்ந்த மணலில் கால் புதையும். ஈரமணல் பாதத்தைத் தாங்கும். அங்கே ஒரு முறை நின்று, உங்கள் பாதத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். பாதத்தைச் சுற்றியுள்ள மணல் ஒரு கணம் வெளிறி உலர்ந்துபோவதும், காலை எடுத்ததும் பள்ளத்தில் நீர் ஊறுவதும் தெரியும். நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்த மணல்மணிகள் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலக, இடைவெளி பெருகி, மேற்பரப்பில் இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. 1885இல் ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் என்ற அறிவியலாளர் விளக்கம் தந்த நிகழ்ச்சி இது. எத்தனையோ ஆண்டுகள் நடந்த பிறகும், அந்த வெளிறிய வளையம் என் காலடியில் விரியும்போதெல்லாம் ஒரு முறை நின்றுவிடுகிறேன்.

ஏற்றம் எட்டிய உயரத்தில் கடல் ஒதுக்கிவிட்டுப் போன பொருள்கள் ஒரு கோடாகக் கிடக்கும். பாசி, மரத்துண்டு, சிப்பி, சங்கு, நுரை, வலைநூல் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டியே நடந்து போங்கள். சங்கை எடுத்தால் முதலில் உள்ளே பாருங்கள். உயிர் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெறுங்கூடாக இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிவர வேண்டாம், ஏனெனில் தனக்கென ஓடு இல்லாத துறவி நண்டு வளர வளர அந்தக் கூடுகளைத்தான் வீடாக மாற்றிக்கொள்கிறது. வெப்பக் கடல்களில் கூம்பு வடிவச் சங்குகளை உயிரோடு கண்டால் தொடவே கூடாது. அவற்றின் சில இனங்களின் கொட்டு மனிதரைக் கொல்லக்கூடியது. கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் சுடும்.

இனி பாறைக் குட்டைகள். கடல் வற்றும்போது பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் இந்த நீருக்கு ஒரு முழுக் காலைப் பொழுதையும் கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். குட்டையை நெருங்கும்போது உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாகப் போய், உட்கார்ந்து, அசையாமல் இருங்கள். முதல் சில நிமிடங்களுக்கு அது வெறும் தண்ணீராகவே தெரியும். பிறகு கூழாங்கல் என்று நினைத்தது நடக்கும். மணல் நிறத்தில் விரலளவு மீன் ஒன்று இருந்த இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தெறித்து, மறுபடியும் மணலாகிவிடும். சுருங்கிய சதைக்குமிழாக ஒட்டியிருந்த கடற்சாமந்தி இதழ்போன்ற கைகளை ஒவ்வொன்றாக விரிக்கும். பாறையில் எரிமலைபோலச் சிறுசிறு கூம்புகளாக ஒட்டியிருக்கும் கொட்டலசுகள், நீர் மூடியதும் வாயைத் திறந்து, இறகுபோன்ற கால்களால் தண்ணீரை வாரி வாரி இரை தேடும். கல்லைப் புரட்டிப் பார்த்தால், முன்பு இருந்த பக்கமே கீழே வரும்படி அதே இடத்தில் மெல்லத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டி வாழ்பவை வெயிலில் சில மணி நேரத்தில் செத்துவிடும். விரல்விட்டுத் துழாவுவதைத் தவிர்த்து, கண்ணால் மட்டும் பார்ப்பதே உங்களுக்கும் அவற்றுக்கும் நல்லது.

குளிக்க இறங்கும் முன் பத்து நிமிடமாவது கரையில் நின்று அலைகளை எண்ணுங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சில நொடிகளே என்றால் அவை பக்கத்துக் காற்று எழுப்பியவை. பன்னிரண்டு நொடிக்கு மேல் என்றால் அவை வெகுதொலைவுப் புயலில் பிறந்து வந்தவை. 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவருடைய குழுவினரும் தென்பெருங்கடலில் எழுந்த அலைகள் பசிபிக்கைக் குறுக்காகக் கடந்து அலாஸ்கா வரை போவதை அளந்து காட்டினார்கள். இத்தகைய அலைகளில் பெரியவை கூட்டமாக வரும், இடையில் கடல் ஏமாற்றும் அளவுக்கு அமைதியாக இருக்கும். அலைகள் உடையாமல், நீர் சற்று இருண்டு, நுரை கடலை நோக்கி நகரும் ஒரு குறுகிய பட்டை தெரிந்தால், கரைக்கு வந்த நீர் திரும்பிப் பாயும் வழி அதுதான். புதியவர்கள் அலை இல்லை என்று அங்கேதான் இறங்குகிறார்கள். அந்த இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். மிதந்தபடி, கையை உயர்த்தி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரை திரும்புங்கள். எந்த இடத்தில் இறங்கலாம் என்பதைக் கரையில் வலை சீர்செய்துகொண்டிருப்பவரிடம் கேட்பது எல்லாவற்றிலும் மேல். அவர் வேலையில் இருக்கும்போது வலையை மிதிக்காமல் சுற்றிப் போய், அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு கேளுங்கள்.

உங்கள் கரை மேற்கைப் பார்த்திருந்தால், மாலையில் இதைச் செய்து பாருங்கள். சூரியன் கடலைத் தொட்டு, கடைசிக் கீற்று மட்டும் மிஞ்சும் வரை நேராகப் பார்க்காமல் இருந்து, அப்போது மணலில் படுத்துக்கொள்ளுங்கள். அது மறைந்த கணமே எழுந்து நில்லுங்கள். சில நொடிகளுக்கு அந்தக் கீற்று மீண்டும் தெரிந்து, இரண்டாம் முறையாக மறையும். நின்றால் நம் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. படுத்தால் அது மிக அருகே வந்துவிடுகிறது. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் விடியலில் இதைத் தலைகீழாகச் செய்யலாம்.

நிலவில்லாத இரவுகளில் விளக்குகளை விட்டு விலகி, கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுத்து, அலை உடையும் இடத்தைப் பாருங்கள். நாக்டிலூகா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் பெருகியிருக்கும் நாள்களில், உடையும் ஒவ்வோர் அலையும் நீலமாக ஒளிரும். ஈரமணலைக் காலால் தேய்த்தால் அங்கும் பொறிகள் சிதறும். எல்லா இரவுகளிலும் இது கிடைக்காது, ஆகவே நாள்தோறும் போய்ப் பாருங்கள். கடலாமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் கைவிளக்கையோ கைப்பேசியின் ஒளியையோ ஏற்ற வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தையே கடல் என்று நம்பி நடக்கத் தொடங்கும். வீடு திரும்பும் வழியில் காலையில் ஊன்றிய குச்சியைத் தொட்டுப் பார்த்து, நீர் எந்த அளவில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், மறுநாள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது முடிவாகிவிடும்.